புதிய நகரம் கட்டுவது பற்றிக் கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலை நிரப்பிக் கட்டும் துறைமுக நகரம் வந்தால் கொழும்பு துபாய் ஆகிவிடுமா, ஹோமாகமவில் காணி வாங்கலாமா, வெள்ளவத்தை இன்னும் எத்தனை தொடர்மாடிகளைத் தாங்கும்? கல்யாண வீட்டிலும் சரி, கனடாவில் இருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பிலும் சரி, இந்தக் கேள்விகள் எப்படியும் வந்துவிடும். அடிக்கடி வருபவற்றை இங்கே பதிலோடு சேர்த்திருக்கிறேன். கட்டடக்கலை பற்றி இதில் அதிகம் இருக்காது. நகரம் கட்டுவதில் கட்டடம்தான் சுலபமான வேலை.

கொழும்பின் சனத்தொகை வேகமாகக் கூடுகிறதுதானே?

மாநகர எல்லைக்குள் அப்படி இல்லை. 1981 குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாநகர சபைப் பகுதியில் ஏறத்தாழ 5 இலட்சத்து 88 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் 5 இலட்சத்து 61 ஆயிரம். முப்பது வருடத்தில் கூடவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது. காலி வீதியில் மாலையில் சிக்கிக்கொண்டவருக்கு இதை நம்புவது கஷ்டம். ஆனால் அந்த நெரிசலில் பெரும்பகுதி கொழும்பில் தூங்குகிற சனம் இல்லை. காலையில் வந்து மாலையில் திரும்புகிற சனம்.

வளர்ச்சி நடந்தது வெளியே: கடுவெல, மஹரகம, கெஸ்பேவ, ஹோமாகம, வத்தளை, பியகம. உள்ளே காணி விலை ஏற ஏற, சம்பளக்காரர்கள் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் வீடு கட்டினார்கள். யாரும் அடிக்கல் நாட்டாமல், பெயர்ப்பலகை இல்லாமல், வயலையும் தென்னந்தோப்பையும் பத்துப் பேர்ச்சஸ் துண்டுகளாக வெட்டி விற்றே ஒரு பெரிய நகரம் உருவாகிவிட்டது. ‘புதிய நகரம்’ என்றதும் நமக்குக் கடலை நிரப்பிக் கட்டுவது ஞாபகம் வருகிறது. இந்த நாட்டில் கட்டப்பட்ட மிகப் பெரிய புதிய நகரம் இதுதான்.

ஆனால் இலங்கையில் நகரவாசிகள் 18 வீதம்தான் என்று படித்தேனே?

2012 கணக்கெடுப்பில் 18.2 வீதம். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் நகரவாசிகள் என்று எண்ணுவதால் வந்தது அது. முன்பு பட்டின சபைகளும் கணக்கில் இருந்தன. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தோடு அவை பிரதேச சபைகளுக்குள் போய்விட்டன. அங்கே இருந்தவர்கள் ஒரே நாளில் கணக்குப்படி கிராமத்தவர்கள் ஆனார்கள். 138ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே புறக்கோட்டைக்கு வேலைக்கு வரும் ஹோமாகமக்காரர் இன்றைக்கும் பதிவேட்டில் கிராமத்தவர், ஏனென்றால் ஹோமாகம ஒரு பிரதேச சபை.

இது புள்ளிவிபரக்காரர்களின் சண்டை மட்டும் இல்லை. கிராமத்துக்கு என்று அமைத்த சபையிடம் கிராமத்து ஆட்பலமும் கிராமத்து வருமானமும்தான் இருக்கும். அந்தச் சபைதான் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அனுமதி கொடுக்கிறது, குப்பை எடுக்கிறது, கான் வெட்டுகிறது. நகரத்தைக் கிராமம் என்று எழுதி வைத்தால் அங்கே நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் கேட்கவும் ஆள் இருக்காது.

கொழும்புக்கு யாரும் திட்டமே போடவில்லையா?

திட்டத்துக்குக் குறைவே இல்லை. 1921இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிஸ் பூங்கா நகரம் என்ற எண்ணத்தோடு ஒன்று கொடுத்தார். 1940களின் இறுதியில், லண்டனுக்குத் திட்டம் போட்ட பாட்ரிக் அபர்குரோம்பி வந்து, நெரிசலைக் குறைக்க ரத்மலானை, ஹோமாகம, ராகமை ஆகிய இடங்களில் துணை நகரங்கள் வேண்டும் என்றார். 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பிறந்தது. அதே காலத்தில் இன்னொரு பெருந்திட்டம். 2015இல் மேல் மாகாண மெகாபொலிஸ் என்று தனி அமைச்சே வந்தது. அதன் வரைபடத்திலும் ஹோமாகம இருந்தது, இந்த முறை தொழில்நுட்ப நகரமாக. 2019இல் ஆட்சி மாறியதும் அந்த அமைச்சு போய்விட்டது.

எழுபது வருடமாக ஹோமாகமவைச் சுட்டிக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே போகும் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை மட்டும் இன்னும் பெரும்பாலும் ஒற்றைத் தடம்.

தலைநகரைக் கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்கு மாற்றியது வெற்றியா தோல்வியா?

பாதிப் பாதி. ஜே.ஆர். ஜயவர்தன காலத்தில் எடுத்த முடிவு. 1982 ஏப்ரலில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றம் தியவன்னா ஓயாவின் நடுவே திறக்கப்பட்டது. சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவு மாதிரி விட்டுக் கட்டியது. அழகு என்பதில் சந்தேகமே இல்லை. அதுவரை பாராளுமன்றம் இருந்த காலிமுகத்திடல் கட்டடம் ஜனாதிபதி செயலகமானது.

அதாவது பாராளுமன்றம் போனது, ஜனாதிபதி போகவில்லை. உயர் நீதிமன்றம் புதுக்கடையிலேயே, மத்திய வங்கி கொழும்புக் கோட்டைப் பகுதியிலேயே, தூதரகங்கள் கொழும்பிலேயே இருந்துவிட்டன. பத்தரமுல்லையில் செத்சிறிபாய, இசுறுபாய, பிறகு சுஹுறுபாய என்று ஒவ்வொரு கட்டடமாக எழும்ப எழும்பத் திணைக்களங்கள் மெல்ல நகர்ந்தன. கடவுச்சீட்டு எடுக்கப் பத்தரமுல்லைக்குப் போனவர்களுக்கு மிச்சக் கதை தெரியும்: வவுனியாவில் இருந்தோ ஹட்டனில் இருந்தோ வருகிறவர் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கே இருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். தலைநகர் மாறியது, நாட்டின் ரயில்கள் வந்து சேரும் இடம் மாறவில்லை.

ஆனாலும் இதை முழுத் தோல்வி என்று எழுதிவிட மாட்டேன். ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே பக்கம் வேலையும் பாடசாலையும் கடையும் சேர்ந்து வந்ததற்கு இந்த மாற்றம் ஒரு காரணம். ஏரியும் சுற்றியுள்ள சதுப்பும் மழை நீரைப் பிடித்து வைக்கின்றன. கடைசிப் பயன், திட்டத்தின் பெருமைப் பட்டியலில் யாரும் முதலில் போட்டது இல்லை.

வெளிநாடுகளில் முழுத் தலைநகரையே புதிதாகக் கட்டினார்களே, அவர்களுக்கு என்ன கிடைத்தது?

பிரேசிலில் இருந்து தொடங்கலாம். வெற்று மேட்டுநிலத்தில் நான்கு வருடத்தில் கட்டி, 1960 ஏப்ரல் 21இல் பிரசிலியாவைத் திறந்தார்கள். திட்டம் லூசியோ கொஸ்தா, கட்டடங்கள் ஒஸ்கார் நீமாயர். ஏறத்தாழ 5 இலட்சம் பேருக்கு என்று நினைத்த நகரம். கட்டுவதற்கு வந்த தொழிலாளர்கள் வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்கள் என்று எண்ணியிருந்தார்கள். அவர்கள் திரும்பவில்லை. அவர்களுக்காகத் தகுவாச்சிங்கா என்ற துணை நகரம் 1958இலேயே, அதாவது தலைநகர் திறப்பதற்கு முன்பே, தோன்றிவிட்டது. இன்று அந்தக் கூட்டாட்சி மாவட்டத்தில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர். பெரும்பாலானவர்கள் கொஸ்தா வரைந்த பகுதிக்கு வெளியே வசித்து, பஸ் ஏறி உள்ளே வேலைக்கு வருகிறார்கள்.

புதிய நகரங்களில் திரும்பத் திரும்ப நடப்பது இது. அமைச்சருக்கும் அதிகாரிக்கும் வீடு வரைவார்கள். அவர்களுக்குத் தேநீர் ஊற்றுகிறவர், தெருக் கூட்டுகிறவர், கட்டடத்துக்குச் சாந்து குழைத்தவர் எங்கே தூங்குவார் என்று வரைபடத்தில் இருக்காது. அவர்கள் தங்கள் நகரத்தைப் பக்கத்திலேயே தாங்களே கட்டிக்கொள்வார்கள். பிறகு அதற்குச் ‘சட்டவிரோதக் குடியிருப்பு’ என்று பெயர்.

மியன்மாரின் நேபிடோ வேறு விதம். 2005இல் இராணுவ அரசு அதிகாரிகளை அள்ளிக்கொண்டு போனது. இருபது தடம் உள்ள வீதியில் வாகனத்தைத் தேட வேண்டும். மலேசியாவின் புத்ராஜாயா இவற்றில் கொஞ்சம் நிதானமானது. கோலாலம்பூருக்கு அருகில், நிர்வாகத்துக்கு மட்டும், 1990களின் நடுவில் தொடங்கி 1999இல் பிரதமர் அலுவலகத்தை மாற்றினார்கள். வணிகத்தைப் பிடுங்கி நட முயலவில்லை. அங்கேயும் பலர் இன்னும் வெளியில் இருந்துதான் வேலைக்கு வருகிறார்கள்.

ஆந்திராவில் அமராவதிக்குச் செய்தது போல இங்கே காணி திரட்டலாமா?

யோசனை கெட்டிக்காரத்தனமானது. காசு கொடுத்து வாங்காமல், விவசாயிகளிடம் காணியை வாங்கி, வீதியும் வடிகாலும் போட்ட பிறகு அதில் ஒரு பகுதியை மனையாகத் திருப்பிக் கொடுப்பது, இடைக்காலத்தில் வருடாந்தப் பணம் கொடுப்பது. அப்படி 33,000 ஏக்கருக்கு மேல் திரண்டது. 2015இல் அடிக்கல். 2019இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு ‘மூன்று தலைநகரம்’ என்றது, வேலை நின்றது. உழுத நிலத்தைக் கொடுத்தவர்கள் உழவும் முடியாமல் விற்கவும் முடியாமல் ஐந்து வருடம் இருந்தார்கள். 2024இல் பழைய அரசு திரும்பி வந்து மறுபடி தொடங்கியது.

ஒரு நகரத்துக்கு முப்பது வருடம் வேண்டும், ஒரு அரசுக்கு ஐந்து வருடம்தான். இந்த இடைவெளியில் மாட்டுப்படுகிறவர் எப்போதும் காணி கொடுத்தவர்தான். இங்கே அந்த முறையைக் கொண்டுவருவதானால், திருப்பித் தரும் மனைக்கான உறுதிப்பத்திரம் கையில் வந்த பிறகே பழைய உறுதியைக் கொடுப்பேன் என்று சொல்லும் உரிமை சனத்துக்கு வேண்டும். அது இல்லாமல் நான் ஆதரிக்க மாட்டேன்.

சிங்கப்பூரால் முடிந்ததே, நம்மால் ஏன் முடியவில்லை?

இந்தக் கேள்வி இல்லாமல் கொழும்பில் எந்தப் பேச்சும் முடியாது.

சிங்கப்பூரின் வீடமைப்புச் சபை 1960இல் தொடங்கியது. 1961இல் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது, அவர்களுக்கு அதே வட்டாரத்தில் விரைவாக மாடி வீடுகளைக் கட்டியது. முதல் ஐந்து வருடத்தில் 50,000க்கு மேற்பட்ட வீடுகள். 1966இல் கடுமையான காணி சுவீகரிப்புச் சட்டம். நிலச் சொந்தக்காரர்களுக்கு அது இனிப்பாக இருக்கவில்லை. 1968இல் சேமலாப நிதியில் இருந்தே வீட்டுக்குப் பணம் கட்டலாம் என்றார்கள். சம்பளத்தில் வெட்டும் காசே வீட்டுத் தவணையாக மாறியது. கூடவே ஜூரோங்கில் தொழிற்சாலைகள், ஒவ்வொரு குடியிருப்புக்கும் சந்தை, பாடசாலை, பஸ். இன்று ஏறத்தாழ எண்பது வீதம் பேர் அந்த வீடுகளில்.

நம்மவர்கள் சிங்கப்பூர் போய்ப் பார்த்துவிட்டு வரும்போது மாடியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். மாடிக்குப் பின்னால் ஒரு நிலையான வேலை, அந்த வேலையோடு இணைந்த நிதி, பல பத்து வருடங்கள் மாறாத ஒரே கொள்கை, எல்லாம் இருந்தன. தினக்கூலிக்குப் போகிறவருக்கு மாதத் தவணை வைத்தால் அது சிங்கப்பூர் முறை ஆகாது.

இன்னொன்று: நமக்கும் உலகம் வந்து பார்த்த ஒரு முறை இருந்தது. பிரேமதாச காலத்துப் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம், 1984இல் தொடங்கியது. பெரிய ஒப்பந்தக்காரரைக் கூப்பிடாமல், சிறு கடன் கொடுத்து, தோட்டத்துச் சனம் (கொழும்பில் தோட்டம் என்றால் குடிசைகளும் வரிசை வீடுகளும் நெருங்கிய குடியிருப்பு) தாங்களே கூடிப் பேசி, ஒழுங்கை எங்கே, குழாய் எங்கே, யாருக்கு எவ்வளவு நிலம் என்று முடிவு செய்தார்கள். வீடற்றோருக்கான ஐ.நா. ஆண்டாக 1987 வந்ததற்குப் பின்னால் இலங்கையின் முன்மொழிவு இருந்தது. கடன் திரும்பி வருவதில் சிக்கல் இருந்தது, அரசியல் வாசம் அடித்தது, எல்லாம் உண்மை. ஆனால் யாரையும் இருபது கிலோமீற்றர் தூக்கி எறியவில்லை.

தோட்டங்களில் இருந்தவர்களுக்குத் தொடர்மாடி வீடு கொடுத்தது நல்லதுதானே?

இதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. நல்லது என்று சொல்கிற குடும்பங்கள் நிச்சயமாக உண்டு. மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வராது, உள்ளேயே கழிவறை, பெண் பிள்ளைகள் இரவில் வெளியே போகத் தேவையில்லை. இதைக் குறைத்து மதிப்பிடுகிறவர் தோட்டத்தில் இருந்து பார்த்தவராக இருக்க மாட்டார்.

ஆனால் நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதே வருடம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதிகாரசபையின் கணக்கெடுப்பில் வசதி குறைந்த குடியிருப்புகளில் ஏறத்தாழ 69 ஆயிரம் குடும்பங்கள். அவர்கள் இருந்த நிலம் ஏறத்தாழ 900 ஏக்கர். அந்த நிலத்தை விடுவித்து, ஒரு பகுதியில் மாடி கட்டிச் சனத்தை ஏற்றி, மிச்சத்தை முதலீட்டுக்குக் கொடுப்பதுதான் கணக்கு. தெமட்டகொட, வனாத்தமுல்லை, சாலமுல்லை, மட்டக்குளி என்று கோபுரங்கள் எழுந்தன. ஆரம்பத்தில் கட்டியவை பெரும்பாலும் 400 சதுர அடி அளவு. இரண்டு அறை வீட்டில் மூன்று தலைமுறை.

‘எல்லாரும் சட்டவிரோதமாகக் குந்தியிருந்தவர்கள்’ என்று சொல்வதும் தவறு. 1973இன் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டத்தின் பின் வரிசை வீடுகளின் வாடகைக்காரர்கள் பலர் சொந்தக்காரர் ஆனார்கள். மாநகர சபைக்கு வரி கட்டிய ரசீது, மின்கட்டணச் சிட்டை, சிலரிடம் முழு உறுதி, எல்லாம் இருந்தன. உறுதி இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவு பெட்டி வீடு கிடைத்தது, அதற்கும் இருபது வருடம் மாதத் தவணை. நீண்ட காலம் பலர் கையில் புதிய வீட்டுக்கு உறுதியும் வரவில்லை. உறுதி இல்லாத வீட்டை வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது, பிள்ளையின் சீதனத்துக்கு எழுத முடியாது.

அப்புறம் பிழைப்பு. இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடுகிறவர், வீட்டு வாசலில் சில்லறைக் கடை வைத்தவர், ஓட்டோவை முன்னால் நிறுத்திவிட்டு ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவர், இவர்களுக்கு வாசல்தான் தொழில். ஒன்பதாம் மாடியில் வாசல் இல்லை. லிஃப்ட் பழுதானால் யார் திருத்துவது, அதற்கு மாதம் எவ்வளவு, முழங்கால் வலிக்காரப் பாட்டி எப்படி இறங்குவாள், மரண வீடு வந்தால் பெட்டியை எந்த வழியாகக் கொண்டுபோவது? சாவி கொடுக்கும் மேடையில் இவற்றை யாரும் பேசுவதில்லை.

பொரளைக்கு அருகே 2001இல் கட்டிய சஹஸ்புர, இதற்கெல்லாம் முன்னோடி, 671 வீடுகள். அங்கே எழுந்த அதே பராமரிப்புச் சிக்கல்கள் பிந்திய கோபுரங்களிலும் வந்தன. இருந்த அனுபவத்தைக்கூடப் பயன்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்னொரு கவலை பாடசாலை. தமிழ்மொழிப் பாடசாலைகள் பெரும்பாலும் கொட்டாஞ்சேனை, மருதானை, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை போன்ற பழைய இடங்களில்தான். முதலாம் வகுப்பு அனுமதியில் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரம் முக்கியம். முகவரி மாறினால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

துறைமுக நகரம் கொழும்பைக் காப்பாற்றுமா?

காப்பாற்றுவதற்கு என்று கட்டப்படவில்லை, அதனால் அதைக் குறை சொல்லவும் வேண்டாம். காலிமுகத்திடலுக்கு முன்னால் கடலை நிரப்பி 269 ஹெக்டேயர். 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி வந்து தொடக்கி வைத்தார். 2015இல் ஆட்சி மாறி வேலை நின்றது, 2016இல் மறுபடி ஓடியது, 2019 ஜனவரியில் நிரப்பும் வேலை முடிந்தது. 269இல் 116 ஹெக்டேயர் கட்டிய சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகை, 62 அரசுக்கு, 91 வீதி, பூங்கா போன்ற பொது இடம். 2021 மே மாதம் தனி ஆணைக்குழுச் சட்டம். அதன் சில வாசகங்களுக்குச் சர்வசன வாக்கெடுப்பு தேவைப்படும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதால் திருத்தி நிறைவேற்றினார்கள்.

மணல் சும்மா வரவில்லை. கடலடியில் இருந்து அள்ளியதால் மீன் குறைகிறது, கரை அரிக்கிறது என்று நீர்கொழும்பு மீனவர்கள் போராடினார்கள். நகரத்தின் நன்மை கொழும்பில், செலவு நீர்கொழும்பில்.

இப்படிக் கடலில் கட்டியவர்கள் வேறும் இருக்கிறார்கள். தென் கொரியாவின் சொங்டோ 600 ஹெக்டேயர் அளவு. வெளிநாட்டு நிறுவனங்கள் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அவை எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை, நல்ல பாடசாலைக்காகக் கொரியக் குடும்பங்கள் வந்தன. மலேசியாவின் ஜொகூரில் ஃபொரஸ்ட் சிட்டி 7 இலட்சம் பேருக்கு என்று அறிவித்தது. வாங்குவோர் பெரும்பாலும் சீனர்கள். சீனா தன் நாட்டுப் பணம் வெளியே போவதை இறுக்கியதும் விற்பனை விழுந்தது. மாடிகள் இருக்கின்றன, ஆட்கள் சில ஆயிரம்தான். ஒரே நாட்டு வாங்குவோரை நம்பிய நகரம், அந்த நாட்டு வங்கி விதி மாறினால் ஆடும்.

நமது கேள்வி சாதாரணமானது: அந்த 269 ஹெக்டேயருக்கு வேலைக்கு வருகிறவர் எந்த வழியால் வருவார்? களனிப் பாலத்தில் இருந்து தூண்களின் மேல் ஒரு வீதி கட்டுகிறார்கள். அது வாகனக்காரருக்கு. பஸ்காரருக்கு இன்னும் கோட்டைதான்.

அப்போ இலகு ரயில் என்னவானது?

ஜப்பானியக் கடனில் கொழும்புக் கோட்டையில் இருந்து மாலபே வரை, ஏறத்தாழ 16 கிலோமீற்றர். 2020 செப்டெம்பரில் செலவு அதிகம் என்று அரசு கைவிட்டது. மாலபே வழியாகப் போகும் 177 பஸ் இப்போதும் ஓடுகிறது.

இங்கே கட்டி முடிந்தவை எவை என்று பாருங்கள்: வெளிச்சுற்று அதிவேக வீதி கொட்டாவையில் தொடங்கிக் கெரவலப்பிட்டி வரை 2019இல் முடிந்துவிட்டது. காருக்கான வீதி எந்த ஆட்சியிலும் முடிகிறது. ரயில் ஒவ்வொரு ஆட்சியிலும் ஆய்வு நிலையில் இருக்கிறது.

சதுப்பு நிலத்தை நிரப்பினால் அப்படி என்ன வந்துவிடும்?

தண்ணீர் வரும். கொழும்பு ஒரு தட்டையான ஊர். களனி ஆறு பெருகி நிற்கும்போது கால்வாய்களால் நீர் ஆற்றுக்கு இறங்காது. அந்த நேரம் நீருக்குப் போக்கிடம் சதுப்புதான். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. 2016 மே மாதம் வெல்லம்பிட்டி, கொலன்னாவை, கடுவெல பக்கம் வீடுகள் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனிக் கரையோரம் மறுபடியும்.

2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், உலகின் முதல் பதினெட்டு ‘ராம்சார் ஈரநில நகரங்களில்’ ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. உண்மையிலேயே பெருமைதான், எஞ்சியிருப்பது ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். பெத்தகான ஈரநிலப் பூங்காவில் மரப்பாலத்தில் நடந்து பாருங்கள், நகரத்தின் நடுவே என்று நம்ப மாட்டீர்கள். ஆனால் அடுத்த ஒழுங்கையில் இரவில் லொறியில் கட்டட இடிபாடு கொட்டி நிரப்புகிற வேலையும் நடக்கும். நிரப்பியவர் மனையை விற்றுவிட்டுப் போய்விடுவார். வெள்ளம் வருவது வாங்கியவர் வீட்டுக்குக்கூட இல்லை. அவர் மண் போட்டு உயர்த்தியிருப்பார். பக்கத்தில் பழைய மட்டத்தில் இருக்கிற வீட்டுக்குத்தான்.

குப்பை?

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம், புத்தளம் அருவக்காட்டில் குப்பைமேடு என்று வேலைகள் வேகம் பிடித்தன. புத்தளத்துச் சனம் ‘உங்கள் குப்பை எங்களுக்கு எதற்கு’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, இன்னும் பதில் இல்லை.

வெள்ளவத்தை இன்னும் எத்தனை மாடியைத் தாங்கும்?

1983 கலவரத்தில் வீடுகள் எரிந்து, தமிழர் விரட்டப்பட்டு, பிறகு யுத்தம் காரணமாக வடக்கில் இருந்தும் கிழக்கில் இருந்தும் வந்த சனத்தால் மறுபடி நிறைந்த இடம். வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில், ஒரு வீடு இருந்த இருபது பேர்ச்சஸில் பத்து மாடி. நமக்கு இதில் உணர்ச்சி கலந்திருக்கிறது: பக்கத்தில் கோயில், தமிழ்ப் பாடசாலை, மரக்கறிக் கடைக்காரரோடு தமிழில் பேசலாம், ஆபத்து வந்தால் நாலு பேர் இருப்பார்கள். பாதுகாப்பைத் தேடிச் சேர்ந்ததால் உருவான அடர்த்தி. அதைத் திட்டமிடல் விதியை மட்டும் வைத்து அளக்க முடியாது.

ஆனால் நிலத்துக்கு அடியில் இருப்பது வேறு கதை. கொழும்பின் கழிவுநீர்க் குழாய் வலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்தளம் போட்டது. அது கடலுக்குள் விடும் இரண்டு வாய்களில் ஒன்று வெள்ளவத்தையில், மற்றது முகத்துவாரத்தில். மேலே வீடுகள் பெருகிய வேகத்தில் கீழே குழாய் பெருகவில்லை. காலையில் தண்ணீர் அழுத்தம் குறைவது, மழைக்கு ஒழுங்கையில் மூடி பொங்குவது எல்லாம் அதன் விளைவு. கடல் பக்கம் மெரைன் டிரைவ் வந்தது நெரிசலுக்குக் கொஞ்சம் மூச்சு விட்டது. குழாய்க்கு அது ஒன்றும் செய்யவில்லை.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டேன். இங்கே வாங்கலாமா?

2014இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி மாற்ற முடியாது. விதிவிலக்காக, கூட்டாதனத் தொடர்மாடியில் வீடு வாங்கலாம், முழுப் பணமும் வெளிநாட்டில் இருந்து வங்கி வழியாக வர வேண்டும். இரட்டைக் குடியுரிமை இருந்தால் இந்தத் தடை இல்லை. தரகர் ‘தம்பி பேரில் எழுதலாம் அண்ணா’ என்று சொன்னால், முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், பிறகு தம்பியையும் நன்றாகப் பாருங்கள்.

புறநகரில் காணி வாங்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

உறுதியையும் நில அளவைப் படத்தையும் சட்டத்தரணியிடம் கொடுத்து, காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்காவது பின்னால் தேடச் சொல்லுங்கள். உள்ளூராட்சிச் சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் கேளுங்கள். வீதியை அகலமாக்கும்போது உங்கள் முன்பக்கம் எவ்வளவு போகும் என்று அதில் தெரியும். தாழ்ந்த நிலம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் (முன்பு காணி மீட்டல் கூட்டுத்தாபனம்) அனுமதி வேண்டும். முன்பு வயலாக இருந்ததா என்று அயலில் வயதானவரிடம் கேளுங்கள். வயலை நிரப்பக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி இருந்திருக்க வேண்டும். விற்பவர் ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால், பார்த்துக்கொள்ளப்போவது நீங்கள்.

காணி பார்க்க ஞாயிறு காலையில் தரகரின் வானில் போகாதீர்கள். அந்த நேரம் எந்த இடமும் கொழும்பில் இருந்து அரை மணித்தியாலம்தான். வேலை நாளில் மாலை ஐந்தரைக்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறி, இறங்கிய இடத்தில் இருந்து காணி வரை நடந்து பாருங்கள். முடிந்தால் மழை பெய்த அடுத்த நாள். விலை பேசுவது அதன் பிறகு.